சுபினின் தலைக்கு நான் கொடுத்த சான்று

சுபினை மறுபடியும் களத்துக்குள் அனுப்பியது நான்தான். அவன் தலை கலங்கியிருக்கிறது என்று தெரிந்தே அனுப்பினேன்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று ஊர் நினைக்கிறது. அவனைப் பெற்றவள் நினைக்கிறாள். சுபினும் அப்படித்தான் நினைக்கிறான்… அதுதான் என்னை ஓரிடத்தில் உட்காரவிடாமல் செய்கிறது. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எங்கள் கரைக்காரர் இல்லை. சந்தையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக உங்களால் முடியாது. பாருங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குக்கூட ஆபத்தில்லாத ஆளாகத் தேடிப் பிடித்திருக்கிறேன்!

நான் பிசியோதெரபி படித்தவள். மூட்டு, முதுகு, கழுத்து இவற்றோடு மல்லுக்கட்டுவது என் தொழில். இப்போது புதுக்கடை சந்திப்பில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, சொந்தமாக இரண்டு கட்டில் போட்டு நடத்துகிறேன். அந்தச் சம்பவம் நடந்தபோது நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. தினமும் பேருந்தில் போய்வருவேன். வீடு புதுக்கடைக்குத் தெற்கே, கடலோரம். அப்பாவுக்கு வள்ளம். அம்மா சந்தையில் மீன் விற்றாள். எங்கள் தெருவில் வெள்ளைக் கோட்டு போட்டு வேலைக்குப் போன முதல் பெண் நான். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை, மற்றவர்களையும் மறக்கவிட்டதில்லை.

ரக்பி எங்கள் ஊருக்கு வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. எங்கள் கரையில் எல்லோருக்கும் கால்பந்துப் பைத்தியம். பக்கத்து ஊரோடு நடந்த ஒரு போட்டி அடிதடியில் முடிந்து, காவல்துறை வந்து, தேவாலயப் பங்குப் பேரவை கூடி, இனிமேல் கால்பந்துப் போட்டியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். பையன்கள் மாலை நேரத்தில் கடற்கரையில் வெறுமனே அலைந்தார்கள். அப்போதுதான் பஹ்ரைனில் ஒரு விளையாட்டுக் கிளப்பில் காவல் வேலை பார்த்த கிளமென்ட் அண்ணன், பலாக்கொட்டை மாதிரி நீண்ட பந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். அடிதடிக்குப் பயந்து ஒரு விளையாட்டை நிறுத்திய ஊரில், இடித்துத் தள்ளுவதையே விதியாக வைத்திருக்கும் இன்னொன்றை அவர் தொடங்கினார். பங்குத்தந்தையும் சம்மதித்தார். அவருக்கு ரக்பி என்றால் என்னவென்று தெரியாது.

பக்கத்தில் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிய லாரிகள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் புழுதிக்கு நடுவில், மணலில், வலை இழுத்துப் பழகிய கைகள் பந்தைப் பிடித்து ஓடின. ஓர் அணிக்கு ஏழு பேர். கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறவனைக் கீழே தள்ளுவது லேசா? மாவட்டத்தில் அப்போது இருந்ததே சில அணிகள்தான். எல்லோரும் எங்கள் பையன்களைக் கண்டு பயந்தார்கள். அவர்களில் சுபின் தனி ரகம். அதிகம் பேசமாட்டான். வள்ளத்தின் விளிம்பில் நின்றபடி பீடி பற்றவைப்பான், அலை வரும்போதும் ஆடமாட்டான். களத்தில் அவனை ஒருவர் பிடித்தால் போதாது, மூன்று பேர் வேண்டும்.

கிளமென்ட் அண்ணன் என்னை அழைத்தது கால் சுளுக்குக்குக் கட்டுப்போட. தலையைப் பற்றிப் பேசியது நான். எங்கள் மருத்துவமனையில் வெளியூர் மருத்துவர் ஒருவர் விளையாட்டுக் காயங்களைப் பற்றி வகுப்பெடுத்தார். தலையில் அடிபட்டால் ரத்தம் வராமலே, மயக்கம்கூட வராமலே, மூளை குலுங்கிப்போகலாம் என்று சொன்னார். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: விளையாட்டுக் காலம் தொடங்குவதற்கு முன்பே, நல்ல உடம்போடு இருக்கும்போதே, ஒவ்வொருவனையும் சோதித்து வைத்துக்கொள்ள வேண்டும். சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைப்பது, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லவைப்பது, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கவைப்பது. பிறகு அடிபட்டால் அதே சோதனையை மறுபடி செய்து ஒப்பிடலாம். அவனுடைய தலையை அவனுடைய தலையோடுதான் ஒப்பிட வேண்டும், அடுத்தவன் தலையோடு அல்ல என்றார். எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று!

இன்னொன்றும் சொன்னார். சந்தேகம் வந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. சோதனை நல்லபடி வந்தாலும் அன்றைக்கு இறக்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் பிற்பாடு, ஓய்வெடுத்த பிறகு, திரும்பி வரலாமா என்று முடிவுசெய்யத்தான். இதை நான் நன்றாகக் கேட்டேன். புரிந்தும் இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று நான் தப்பிக்கப் பார்த்தால், நீங்களே இந்த இடத்துக்குத் திரும்பி வந்து என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சோதனை ஆங்கிலத்தில் இருந்தது. நானே தமிழில் ஐந்து சொற்களை எடுத்துக்கொண்டேன். குடை, சாவி, முருங்கை, ஆணி, வாத்து. ஒன்றோடொன்று ஒட்டாத சொற்கள். சொற்களை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மாற்றுச் சொற்களை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

பங்கு மண்டபத்தில் வைத்துச் சோதித்தேன். தனி அறை கிடையாது. ஒருவன் என் முன்னால் நாற்காலியில், மற்றவர்கள் பின்னால் பெஞ்சில். இங்கேதான் எங்கள் கரையின் குணம் குறுக்கே வந்தது. எங்கள் ஊரில் குழந்தை சரியாகப் பேசத் தொடங்கும் முன்பே மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்லப் பழகிவிடும். முன்னால் ஒருவர் ஒரு பெயரைச் சொன்னால், பின்னால் கூட்டம் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று முழங்க வேண்டும். அது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. முதல் பையன் ‘குடை’ என்றான். பின்னாலிருந்து எவனோ, வாய் சும்மா இராமல், ‘எங்களுக்காக ஓடியருளும்’ என்றான். அவ்வளவுதான்! ‘சாவி’ என்றதும் பெஞ்சு முழுக்க முழங்கிற்று. கோயில் உபதேசியார் ஓடிவந்து திட்டினார். நான் சிரித்துக்கொண்டே எழுதினேன்.

மறுவாரம் பயிற்சிக்குப் போனால், பையன்கள் வட்டமாகத் தோள்மேல் கைபோட்டு நின்று, கிளமென்ட் அண்ணன் ‘குடை’ என்று கத்த, பதில் முழங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஆட்டம் தொடங்கும் முன் அதுதான் எங்கள் அணியின் முழக்கம். களத்தோரத்தில் நின்ற பெண்கள், சின்னப் பிள்ளைகள், எல்லோருக்கும் மனப்பாடம். இப்போது நீங்களே சொல்லுங்கள், அந்தச் சொற்களை வைத்து எவன் தலையைச் சோதிக்க முடியும்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சோதனை செத்துப்போயிற்று என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் ஒரு மைதானமே நான் எடுத்த சொற்களைக் கத்துகிறது… அதைக் கேட்கும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி. அதை எப்படி மாற்றுவேன்?

ரெஜியின் விஷயத்தையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது பாதிதான் புரியும். ஓர் ஆட்டத்தில் ரெஜி என்ற பையன் தலை குப்புற விழுந்தான். எழுந்ததும் கண்ணைச் சுருக்கினான். எனக்குச் சந்தேகம். விதிப்படி வெளியே உட்காரவைத்துவிட்டேன். நாங்கள் தோற்றோம். அன்று மாலையே ரெஜி முழுத் தெளிவோடு இருந்தான். திரும்பும் வழியில் புரோட்டா தின்றான், எல்லோரையும் கிண்டல் செய்தான். மறுநாள் அம்மா மீன் விற்குமிடத்தில் பக்கத்துக் கடைக்காரி, உனக்க மக நாலெழுத்து படிச்சு எங்க பயக்கள தோக்கடிச்சா என்றாளாம். அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை. அவள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசாததை வைத்து நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நான் ரெஜிக்குச் செய்தது சரி. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் சரியானதைச் செய்துவிட்டு அதற்கு வசவு வாங்குவது என்னால் தாங்கக்கூடியதாக இல்லை. நான் பாராட்டிலேயே வளர்ந்தவள்.

இறுதி ஆட்டம் நாகர்கோவிலில், ஒரு கல்லூரி மைதானத்தில். எதிரில் இருந்தது அந்தப் பழைய பக்கத்து ஊர்! கால்பந்தில் தீராத பகையைத் தீர்க்க அவர்களும் ரக்பிக்கு வந்திருந்தார்கள். டெம்போ வேன்களில் சனம் வந்து இறங்கிற்று. கடலுக்குப் போகவேண்டிய வள்ளங்கள் கரையில் கிடந்தன. என் அப்பாவும் வந்திருந்தார். நான் வேலை செய்வதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

முதல் பாதி முடியப்போகும் நேரம். சுபின் ஒருவனைப் பிடிக்கத் தாழ்ந்து பாய்ந்தான். எதிராளியின் முழங்கால் அவன் காதுக்கு மேலே இடித்தது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இரண்டு பேரும் உருண்டார்கள். எதிராளி எழுந்தான். சுபின் மண்டியிட்டு, புல்லில் எதையோ தேடுகிறவன்போலக் கையை வைத்துத் தடவினான். பிறகு அவனும் எழுந்தான்.

இடைவேளைக்கு ஊதினார்கள். எங்கள் பையன்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். சுபின் எதிர் அணியின் பக்கம் நடந்து போய், அவர்கள் பெஞ்சில் உட்காரப் பார்த்தான். சனம் சிரித்தது. அவர்களைச் சீண்டுவதற்காகச் செய்கிறான் என்று கைதட்டினார்கள். நான் சிரிக்கவில்லை. சுபின் யாரையும் சீண்டுகிறவன் அல்லன். அப்போதே தெரிந்துவிட்டது… அப்போதே!

அவனைக் கைபிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தேன்.

“எக்கா, நம்ம எத்தற வச்சிருக்கோம்?” என்று கேட்டான்.

எத்தனை புள்ளி என்று சொன்னேன். தலையாட்டினான். தண்ணீர் குடித்தான். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “எக்கா, நம்ம எத்தற வச்சிருக்கோம்?” என்றான்.

மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். டிசம்பர், நவம்பர் என்றான், மறுபடி டிசம்பர் என்றான். எழுந்து ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். ஆடும் வள்ளத்தில் ஆடாமல் நிற்கிறவன், சமதரையில் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையின் கனம் இன்றும் என் தோளில் இருக்கிறது. புல் ஈரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புல் ஈரமாக இல்லை.

கிளமென்ட் அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பையன்கள், அவர்களுக்குப் பின்னால் கயிற்றுக்கு அந்தப்பக்கம் எங்கள் ஊரே. அப்பா முன்வரிசையில் நின்றார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

கடைசியாக, “சுபினே, அந்த அஞ்சு வார்த்தைய சொல்லு மக்கா” என்றேன்.

வேண்டுமென்றேதான் கேட்டேன். வேறு எதைக் கேட்டாலும் தடுமாறுவான் என்று தெரிந்து, தடுமாறாத ஒன்றைக் கேட்டேன். இதுதான் என் பாவம். இதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் ஒருபக்கம் இருக்கட்டும்… பாவம் இந்த ஒரு கேள்விதான்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். குடை, சாவி, முருங்கை, ஆணி, வாத்து என்று படபடவென்று சொன்னான். பின்னாலிருந்த பையன்கள் பழக்கத்தில் பதில் முழங்கினார்கள். கயிற்றுக்கு அந்தப்பக்கம் சனமும் சேர்ந்துகொண்டது. அவன் கண் என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குச் சற்றுத் தள்ளி எங்கோ பார்த்தது. அதையும் நான் கவனித்தேன்.

“என்ன பிள்ளே, செரிதானா?” என்றார் கிளமென்ட் அண்ணன்.

“செரி” என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். அதைச் சொல்லி முடித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி! வெட்கமில்லாமல் சொல்கிறேன். அப்பா பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொல்லி என்னைக் கைகாட்டினார். நான் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.

ஊருக்குப் பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று பல வருடங்கள் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். அது கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஒரு பாவப்பட்ட பெண், எதிரில் ஆண்களின் கூட்டம்… ஆனால் பொய். கிளமென்ட் அண்ணன் மிரட்டவில்லை. வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் முணுமுணுத்துவிட்டு வேறொருவனை இறக்கியிருப்பார். எனக்கு அந்தக் கூட்டத்தின் பிரியம் வேண்டியிருந்தது. அதற்கு விலையாக என் தலையையா வைத்தேன்? அவன் தலையை வைத்தேன்.

இரண்டாம் பாதியில் சுபின் ஓடினான். நன்றாகவே ஓடினான். பார்த்தியா, ஒன்றுமில்லை என்று என் மனம் குதித்தது. பிறகு ஒரு சாதாரணப் பிடி. பெரிய இடிகூட இல்லை. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். கையை ஊன்றவில்லை. விழுந்தவனின் கால்கள் கொஞ்ச நேரம் வெட்டி வெட்டி இழுத்தன.

நான்தான் முதலில் ஓடினேன். கழுத்தை அசையாமல் பிடித்தது நான்தான். வாயில் நுரையைத் துடைத்தது நான்தான். எல்லாவற்றையும் பாடத்தில் உள்ளபடி செய்தேன். என் கை நடுங்கவேயில்லை என்று பிற்பாடு ஊரில் பெருமையாகச் சொன்னார்கள்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, மூளை பலமாகக் குலுங்கியிருக்கிறது, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். பலருக்குச் சரியாகியும் விடும். சுபினுக்கு ஆகவில்லை. முதலடி மட்டும் பட்டு, அன்று அவன் வெளியே உட்கார்ந்திருந்தால் சரியாகியிருக்குமா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த ‘முடியாது’க்குள் ஒளிந்துகொள்ள எத்தனை இரவு முயன்றிருக்கிறேன்! இடம் போதவில்லை.

அவனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். வெயிலில் தண்ணீரைப் பார்த்தால் தலை பிளக்கும். வள்ளம் ஏறினால் வாந்தி. கடலில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை! முதலில் கூட்டாளிகள் பொறுத்துப் பார்த்தார்கள். ஒருநாள் நடுக்கடலில், எந்தக் கயிற்றை எப்போது விடுவது என்பது குழம்பி, வலையோடு ஒருவனைத் தண்ணீருக்குள் இழுத்துவிட்டான். அதற்குப் பிறகு அழைக்கவில்லை. மைத்துனனின் ரீசார்ஜ் கடையில் உட்காரவைத்தார்கள். ஒருநாள் வாடிக்கையாளனின் சட்டையைப் பிடித்துவிட்டான். முன்பெல்லாம் அதிர்ந்து பேசாதவன். கோபம் போனபிறகு அழுவான். இப்போது ஐஸ் உடைக்கும் இடத்தில் வேலை. தலைக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அவனே என்னிடம் சொன்னான்.

என்னை யாரும் குறை சொல்லவில்லை. முதலடிக்குப் பிறகு பிசியோ பிள்ளை முறையாகச் சோதித்தாள், பையன் அஞ்சு வார்த்தையையும் தெளிவாகச் சொன்னான், ஊரே கேட்டது, இரண்டாவது அடி விதி. இதுதான் கதை. ஊரையே சாட்சியாக வைத்திருக்கிறேன் பாருங்கள்! ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்க அழைத்தார்கள். போனேன். சந்தேகம் வந்தால் வெளியே உட்காரவையுங்கள் என்று அழுத்திச் சொன்னேன். எங்கள் ஊர் அனுபவம் என்று நெகிழ்ந்து பேசினேன். கைதட்டினார்கள். திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் ஆள் இருந்ததால் அறைந்துகொள்ளவில்லை.

கோயிலில் சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சொன்னேன்! பெரிய வெள்ளிக்கு முன்பு பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டு, வேலையில் கவனக்குறைவாக இருந்துவிட்டேன் சாமி என்றேன். கவனக்குறைவு! அவ்வளவு கவனமாக நான் என் வாழ்க்கையில் வேறெதையும் செய்ததில்லை. சாமியார் செபம் சொல்லச் சொன்னார், மன்னித்து அனுப்பினார். நான் சொன்ன பாவத்துக்கு மன்னிப்பு கிடைத்தது. செய்த பாவம் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

சொந்தமாக இடம் போட்டதும் சுபினை வரச்சொன்னேன். செவ்வாய்க்கிழமைகளில் வருகிறான். கழுத்துக்கும் கண் ஓட்டத்துக்கும் பயிற்சி கொடுக்கிறேன். என் விரலை மெதுவாக அசைப்பேன், அவன் தலையைத் திருப்பாமல் கண்ணால் தொடர வேண்டும். கொஞ்சம் பலன் இருக்கிறது. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லையென்றால் எங்களுக்கு யாருண்டு என்பாள். அப்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வரும். வந்து, அங்கேயே நிற்கும்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், அப்படியில்லை. போன மாதம் நடந்ததைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன்.

சுபினுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அந்தக் குடும்பமும் கடற்கரைதான், இப்போது புதுக்கடை பக்கம் வந்து குடியிருக்கிறார்கள். பெண் ஒரு பாலர் பள்ளியில் டீச்சர். சுபின் அவளைக் கோயில் திருவிழாவில் பார்த்திருக்கிறான். அவளுக்கும் பிடித்திருந்ததாம். அந்த வாரம் அவன் பயிற்சிக்கு வந்தபோது முகச்சவரம் செய்திருந்தான். பயிற்சியை ஒழுங்காகச் செய்தான். எக்கா, அவ சிரிச்சா காணணும் என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டான்.

மறுநாள் பெண்ணின் அம்மா என் இடத்துக்குப் படியேறி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள்.

“பிள்ளே, அந்த சுபின் பயலுக்க தலைய அந்தக் காலம் தொட்டு நோக்குனது நீங்கதான்னு எல்லாவரும் சொல்லுதாவ. அவனுக்கு வல்ல கேடும் உண்டுமா? எனக்கு ஒத்த மவதான். நேரு சொல்லுங்க” என்றாள்.

என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

உண்மையைச் சொன்னேன். மறதி உண்டு, கோபம் வரும், சில நாள் தலைவலியில் இருட்டறையிலேயே கிடப்பான், இனிக் கடலுக்குப் போக முடியாது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். இரண்டாம் முறையும் அவன் தலைக்குப் பொய்ச் சான்று கொடுக்க மாட்டேன் என்று எனக்குள் ஒரு வீராப்பு வந்துவிட்டது. சொல்லச் சொல்ல என் மனம் லேசாயிற்று. ஒரு நோயாளியின் கதையை அவன் அறியாமல் வெளியாரிடம் சொல்லக் கூடாது என்பதுகூட மறந்துபோயிற்று. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் கலங்கிற்று. இது எப்படி வந்தது பிள்ளே என்றாள்.

விளையாட்டில் அடிபட்டது என்றேன்.

பார்த்தீர்களா? அவனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்ன வாய், என்னைப் பற்றிய இடம் வந்ததும் மூடிக்கொண்டது. அவள் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நீங்களாவது நேரு சொன்னியளே, கடவுள் உங்கள நல்லா வைக்கட்டும் என்றாள். அந்த நன்றியையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கல்யாணம் நின்றுபோயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை சுபின் வந்தான். சவரம் செய்யவில்லை. பயிற்சிக்கு உட்காரவில்லை. கட்டிலோரத்தில் நின்றுகொண்டு, நெற்றியை விரல்களால் அழுத்தினான்.

“எக்கா, ஆரோ போயி எனக்க தல செரியில்லண்ணு அவிய வீட்டுல சொல்லியிருக்காவ. நீங்கதானே என்ன நோக்குனது. நீங்க சொன்னா அவிய நம்புவாவ. ஒருக்கா போயி சொல்லுங்கக்கா, எனக்கு ஒண்ணும் இல்லண்ணு.”

அவன் என்னைச் சந்தேகிக்கவில்லை. ஒரு துளிகூட இல்லை. அந்த இடத்தில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இதைவிட நல்ல நேரம் எனக்கு எந்தக் காலத்தில் வரும்? நான் அவன் தோளைத் தட்டி, செரி மக்கா, வாற ஞாயிறு போறேன் என்றேன். அவன் முகம் தெளிந்தது. உட்கார்ந்தான். விரலை அசைத்தேன், கண்ணால் தொடர்ந்தான்.

ஞாயிறு போகவில்லை. போய் என்ன சொல்வேன்? செவ்வாய் வந்தான். எக்கா, ஒருக்கா போயி சொல்லுங்கக்கா என்று, முதன்முறை கேட்கிறவனைப் போலக் கேட்டான். போனவாரம் கேட்டதும் நான் வாக்குக் கொடுத்ததும் அவனுக்கு நினைவில்லை. எனக்கு வியர்த்தது. அடுத்த கணம், அப்பாடா என்று இருந்தது… ஆமாம், அப்பாடா என்றுதான் இருந்தது! நான் கெடுத்த தலை என்னைக் காப்பாற்றிற்று.

வாற ஞாயிறு போறேன் என்றேன். அதற்கு அடுத்த செவ்வாயும் அதையே சொன்னேன். இன்று திங்கட்கிழமை. நாளைக்கு வருவான்.